கால் இன்ச் என்றால் எந்தக் கால் இன்ச்? ஒரு சின்ன ஹைட்ராலிக் பிரஸ்ஸின் கசிவுக் கதை

மேஜை அளவுக்கு ஒரு பிரஸ். சின்ன வார்ப்புகளில் புஷ் (துளைக்குள் அழுத்தி உட்காரவைக்கும் உலோக உருளை வளையம்) இறக்குவதற்காகச் செய்தது. 40 மி.மீ. போர் (உள்விட்டம்), 28 மி.மீ. ராடு (பிஸ்டன் தண்டு), 250 மி.மீ. ஸ்ட்ரோக் (ராடு ஓடும் தூரம்) உள்ள ஒரு சிலிண்டர், நிமிடத்துக்கு 6 லிட்டர் தள்ளும் கியர் பம்பு, 2.2 கிலோவாட் மோட்டார், 140 பாரில் வைத்த ரிலீஃப் வால்வு (அழுத்தம் அதைத் தாண்டாமல் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடுவது), விஜி 46 ஆயில் (46 என்பது அதன் கெட்டித்தன்மை எண்). வேலை முடிந்த பாகத்தை வெளியே தள்ள 16 மி.மீ. போர், 25 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள ஒரு காற்று சிலிண்டர். மொத்த இயந்திரமும் இவ்வளவுதான். பெரிய லைன்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் ஓட ஆரம்பித்து ஏழு மாதத்துக்குள் இந்த விளையாட்டுச் சாமான் அங்கே இருந்த எல்லாருடைய பொறுமையையும் தின்றுவிட்டது.

என்னைக் கூப்பிட்டபோது சொன்ன புகார்கள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மாதிரி இருந்தன. கீழே எப்போதும் எண்ணெய். காலையில் முதல் அரை மணி நேரம் ராடு மேலே ஏறச் சுணங்குகிறது. பம்பு கத்துகிறது. ராடு பக்கத்து ஹோஸை இரண்டு தடவை மாற்றியும் மூன்றாவதும் வியர்க்கிறது. சில நாள் பிரஷரே ஏறுவதில்லை, நிறுத்தி ஓட்டினால் சரியாகிவிடுகிறது. காற்று டியூப் திடீரென்று பிடுங்கிக்கொண்டு பாம்பு மாதிரி ஆடுகிறது. இதற்கெல்லாம் சேர்த்து ஏற்கெனவே ஒரு தீர்ப்பும் எழுதியாகிவிட்டது: பம்பு தேய்ந்துவிட்டது, 10 லிட்டர் பம்பாக மாற்றிவிடலாம். நல்லவேளை, அதற்கு ஆர்டர் போடவில்லை. போட்டிருந்தால் புகார்களில் பாதி இன்னும் மோசமாகியிருக்கும், ஏன் என்று பிறகு தெரியும்.

நான் முதலில் ஸ்பேனரை எடுக்கவில்லை, ஒரு ஸ்டூலைப் போட்டு கேஜைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலை நேரம், ஆயில் குளிர்ச்சி. புஷ் எதுவும் வைக்காமல் ராடை இறக்கி ஏற்றச் சொன்னேன். வெறும் ராடு மேலே போகிறது, தூக்குவதற்கு அதன் சொந்த எடையைத் தவிர ஒன்றுமில்லை, ஆனால் கேஜ் முள் 140-இல் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. "பம்பு வீக்காயிடுச்சுன்னுதானே சார் சொல்றாங்க" என்றார் ஓட்டுகிறவர். வீக்கான பம்பு 140 காட்டாது அண்ணே, வழியில் எங்கோ கழுத்தை நெரித்திருக்கிறார்கள் என்றேன்.

அடுத்து பார்ட்ஸ் லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தேன். கால் இன்ச் குழாய், கால் இன்ச் ஃபிட்டிங், கால் இன்ச் ஹோஸ், கால் இன்ச் புஷ் ஃபிட்டிங் (காற்று டியூபைத் தள்ளிச் செருகினால் பிடித்துக்கொள்ளும் வகை). படிக்க ஒழுங்காகத்தான் இருந்தது. பிரஸ்ஸின் நோயும் அந்த லிஸ்ட்டிலேயே இருந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்து வருடம் ஸ்பேனர் பிடித்தவர்களும் இதில் வழுக்குகிறார்கள். சிலிண்டரிலும் வால்விலும் "கால் இன்ச் போர்ட்" என்கிறோமே, ஜி 1/4 மரை, அதன் வெளிவிட்டம் 13.157 மி.மீ. அதில் எந்த இடத்தில் ஸ்கேல் வைத்தாலும் 6.35 மி.மீ. கிடைக்காது, அது பழைய காலத்துப் பைப்பின் துளையை வைத்து வந்த பெயர். "கால் இன்ச் டியூப்" என்றால் வெளிவிட்டம் 6.35 மி.மீ., டியூபுக்கு எப்போதும் வெளிவிட்டம்தான் பெயர், துளை என்பது சுவரைக் கழித்தபின் மிஞ்சுவது. "கால் இன்ச் ஹோஸ்" என்றால் அதுவும் வேறு, ஹோஸுக்கு உள்விட்டம்தான் பெயர், சுமார் 6.4 மி.மீ. துளை. ஆக ஒரே சொல்லுக்கு மூன்று அளவு. இந்த பிரஸ்ஸைக் கட்டியவர் போர்ட் கால் இன்ச் என்று பார்த்திருக்கிறார், மில்லிமீட்டரில் அதற்குப் பக்கத்தில் இருப்பது 6 என்று 6×1 (வெளிவிட்டம் 6, சுவர் 1 மி.மீ.) இரும்புக் குழாயை எடுத்திருக்கிறார். துளை 4 மி.மீ. போர்ட்டில் ஃபிட்டிங் அழகாக உட்கார்ந்தது, நட்டு ஏறியது, வேலை முடிந்தது. ஓட்டம் எவ்வளவு என்ற கேள்வியே எழவில்லை.

பலத்தில் அந்தக் குழாயைக் குறை சொல்ல முடியாது. ஈ235 ரகக் குளிர் இழுப்பு சீம்லெஸ் குழாய், இழுவிசை பலம் குறைந்தது 340 மெகாபாஸ்கல். சுவர்த் தடிமனை இரண்டால் பெருக்கி, பலத்தால் பெருக்கி, வெளிவிட்டத்தால் வகுத்தால் வெடிக்கும் அழுத்தம் வரும். 2×340×1÷6, சுமார் 113 மெகாபாஸ்கல், அதாவது 1,130 பார். நான்கு மடங்கு பாதுகாப்பு வைத்தாலும் 283 பார். 140 பார் சிஸ்டத்துக்குத் தாராளம். அதனால்தான் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. குழாய் தாங்குமா என்று கேட்டார்கள், எண்ணெய் அதில் போகுமா என்று கேட்கவில்லை.

போகும், ஆனால் எப்படி என்று பாருங்கள். வேகம் கண்டுபிடிக்க நான் மனதில் வைத்திருப்பது இதுதான்: ஓட்டத்தை லிட்டர்/நிமிடத்தில் எடுத்து 21.2-ஆல் பெருக்கி, துளை மில்லிமீட்டரின் வர்க்கத்தால் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 6 லிட்டர், 4 மி.மீ. துளை: நொடிக்கு 8 மீட்டர். பிரஷர் லைனில் 3 முதல் 6 வரை என்பது பொதுவான வழக்கம். சரி, 8 என்பது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதானே என்று தோன்றும். வேகத்தை விட அழுத்த இழப்புதான் இங்கே கடிக்கிறது. இந்த அளவுக் குழாயில் இந்த ஆயில் அடுக்கடுக்காக அமைதியாகத்தான் ஓடும், அந்த ஓட்டத்தில் துளை குறையக் குறைய இழப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பிடித்துக்கொண்டு ஏறும். 40 டிகிரி சூட்டில் விஜி 46 ஆயில் நிமிடத்துக்கு 6 லிட்டர் போனால், 6 மி.மீ. துளையில் மீட்டருக்கு 1.26 பார் இழப்பு, 4 மி.மீ. துளையில் 6.4 பார். இரண்டு மி.மீ. வித்தியாசம், ஐந்து மடங்கு இழப்பு.

பவர் பேக்குக்கும் (மோட்டார், பம்பு, தொட்டி சேர்ந்த தொகுதி) பிரஸ்ஸுக்கும் இடையே ஒவ்வொரு லைனும் 2.5 மீட்டர். அப்படியென்றால் 16 பார், இது போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் ராடு மேலே ஏறும்போது நடப்பதை இதோடு சேர்க்க வேண்டும். 40 போருக்குப் பரப்பு 12.57 சதுர செ.மீ., 28 ராடைக் கழித்தால் ராடு பக்கம் 6.41. கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று. ராடு பக்கம் 6 லிட்டர் உள்ளே போனால், மறுபக்கம் வெளியே வருவது 6 இல்லை, 11.8 லிட்டர். அதே 4 மி.மீ. துளையில்! மீட்டருக்கு 12.5 பார், 2.5 மீட்டருக்கு 31 பார் எதிரழுத்தம் பிஸ்டனின் பெரிய பரப்பில் உட்காருகிறது, அதை ஜெயிக்க ராடு பக்கம் 61 பார் வேண்டும், வரும் வழியில் இழந்த 16-ஐக் கூட்டினால் 77 பார். ஒரு வேலையும் செய்யாமல், வெறுமனே ராடைத் திருப்பிக்கொண்டு போக 77 பார். வால்வில் போகும் இழப்பு இதற்கு மேல் தனி.

இது 40 டிகிரிக் கணக்கு. காலையில் 20 டிகிரியில் அதே ஆயில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கெட்டி, அமைதி ஓட்டத்தில் இழப்பும் அதே விகிதத்தில் ஏறும். 215 பாருக்குப் பக்கத்தில் தேவை. ரிலீஃப் 140-இல் திறந்துவிடும். ஆக முழு ஓட்டமும் போக முடியாது, சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் சிலிண்டருக்குப் போகிறது, மிச்சம் ரிலீஃப் வழியாகத் தொட்டிக்குத் திரும்பிச் சூடாகிறது. ஒன்றரை நொடியில் ஏற வேண்டிய ராடு இரண்டரை நொடி எடுக்கிறது. அரை மணி கழித்து ஆயில் சூடானதும் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். காலைச் சுணக்கத்தின் ரகசியம் இவ்வளவுதான். இதற்கு 10 லிட்டர் பம்பு போட்டால் என்ன ஆகியிருக்கும்? அதே கழுத்து, இன்னும் அதிக எண்ணெய், ரிலீஃப் இன்னும் அதிகம் திறக்கும், ஆயில் இன்னும் கொதிக்கும், ராடு ஒரு இம்மியும் வேகமாகப் போகாது.

ஹோஸ் ஏன் வியர்த்தது

சிலிண்டர் ஏற்றி இறக்கக்கூடிய தட்டில் இருக்கிறது, அதனால் குழாய் முடிவில் 40 செ.மீ. ஹோஸ். அது 1எஸ்என் ரகம், அதாவது ஒரு கம்பிப் பின்னல், கால் இன்ச், வேலை அழுத்தம் 225 பார். ரிலீஃப் 140 இருக்கும்போது 225 ஹோஸ் போதாதா? மேல் பக்கத்து ஹோஸ் அதே ரகம்தான், அது ஏழு மாதமாகச் சுத்தமாக இருக்கிறது. ராடு பக்கம் மட்டும் மூன்றாவது ஹோஸ், எல்லாமே கிரிம்ப் செய்த, அதாவது முனை ஃபிட்டிங்கை நசுக்கிப் பிடித்த, இடத்துக்குப் பக்கத்தில்.

இங்கே எல்லாரும், முதல் நாள் நானும் சேர்த்துத்தான், பம்பு கேஜை நம்பியது தப்பு. புஷ் மேல் ராடு மெதுவாக இறங்க வேண்டும் என்று வால்வுக்கு அடியில் ஒரு ஃப்ளோ கன்ட்ரோல் வைத்திருந்தார்கள், ராடு பக்கத்திலிருந்து வெளியே வரும் எண்ணெயை நெரிக்கிற மாதிரி. இறங்கும்போது மேல் பக்கம் 140 பார் முழுதாக அழுத்துகிறது, கீழே இன்னும் சுமை இல்லை, ராடு பக்கத்து எண்ணெயோ வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. பெரிய பரப்பு சின்னப் பரப்பை அழுத்துகிறது. 140-ஐ 1.96-ஆல் பெருக்குங்கள், 275 பார். பம்பிலிருந்து வருகிற அழுத்தமே இல்லை இது, சிலிண்டரே உண்டாக்குவது, ரிலீஃப் வால்வுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. ராடு லைனில் ஒரு டெஸ்ட் பாயிண்ட் போட்டு வேறு கேஜ் மாட்டினேன். முள் 260-இல் போய் நின்றது, புஷ்ஷைத் தொட்டதும் விழுந்தது. கொஞ்சம் சீல் உராய்வு, கொஞ்சம் லைன் இழப்பு போக மீதி. ஒவ்வொரு தடவையும், ஒரு ஷிப்டில் ஆயிரத்துக்கும் மேல்.

225 ஹோஸ் 260-இல் வெடிக்காது. வெடிக்கும் அழுத்தம் அதன் நான்கு மடங்கு. அதுதான் ஏமாற்றுகிற விஷயம். அது வெடிக்காமல், ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் களைத்து, கம்பிப் பின்னல் கிரிம்புக்குள் நுழைகிற இடத்தில் மெல்ல விட்டுக்கொடுக்கிறது. போதாக்குறைக்கு ஹோஸை நேராக இழுத்துக் கட்டியிருந்தார்கள், தொய்வே இல்லை. அழுத்தம் ஏறினால் ஹோஸ் நீளம் மாறும், 4 சதவீதம் வரை குறையலாம், 2 சதவீதம் வரை கூடலாம். இழுத்துக் கட்டினால் அந்த இழுப்பெல்லாம் கிரிம்பில்தான் போய் விழும். ஹோஸின் உடம்பில் ஓடும் எழுத்துக் கோடு நேராக இல்லாமல் சுற்றிக்கொண்டு போயிருந்தது, அதாவது நட்டை இறுக்கும்போது ஹோஸையும் முறுக்கியிருக்கிறார்கள். அந்தக் கோடு ஒன்றைப் பார்த்தாலே மாட்டியவர் அவசரத்தில் இருந்தாரா என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று, இங்கே சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அந்த ஹோஸ் எங்கே கசிகிறது என்று ஒருவர் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். 260 பார் எண்ணெய் ஊசித் துளையில் வந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வந்த கேஸ்கள் உண்டு. அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். கையை ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள்.

வால்வு பிளாக்கில் இருந்த வெள்ளை நூல்

அவ்வப்போது பிரஷர் ஏறாத புகாருக்கு ரிலீஃப் வால்வைக் கழற்றினேன். சீட்டில் ஒரு வெள்ளை நூல். விரலில் உருட்டினால் வழுக்குகிறது, டெஃப்லான் டேப். எங்கிருந்து என்று தேடினால், பிளாக்கின் பிரஷர் போர்ட்டில் இருந்த எல்போ. அதைச் சுற்றி டேப்பைக் கட்டுப் போட்ட மாதிரிச் சுற்றியிருந்தார்கள், அப்படியும் கசிவு. கழற்றி மரை கேஜ் வைத்தால் இன்ச்சுக்கு 18. போர்ட்டோ ஜி 1/4, இன்ச்சுக்கு 19. என்பிடி (அமெரிக்க டேப்பர் மரை) எல்போவை பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் மரை, ஜி அதில் ஒரு வகை) போர்ட்டில் ஏற்றியிருக்கிறார்கள். ஒன்று 60 டிகிரி மரை, மற்றது 55. இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறும், அப்புறம் இறுகும், இறுகியதும் சரியாகப் பிடித்துவிட்டது என்று மனம் நம்பும். கால் இன்ச்சில் இது பரவாயில்லை, கவனித்தால் தெரியும். அரை இன்ச்சிலும் முக்கால் இன்ச்சிலும் இரண்டுக்கும் 14 மரைதான், கையில் ஏற்றிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

ஹைட்ராலிக்கில் டெஃப்லான் டேப் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த நூல்தான். டேப் சீல் செய்கிறது என்பது உண்மை. அதன் கடைசிச் சுற்று மரையின் முனையில் தொங்கிக்கொண்டிருக்கும், இறுக்கும்போது அறுந்து உள்ளே விழும், அது போய் மாட்டுகிற இடம் மைக்ரான் கணக்கில் இடைவெளி விட்டு வால்வுக்குள் நகரும் ஸ்பூலோ, ரிலீஃப் சீட்டோ. அதோடு டேப் வழவழப்பாக இருப்பதால் டேப்பர் மரையை அளவுக்கு மீறி இறுக்கத் தோன்றும், பிளாக் அலுமினியமாக இருந்தால் ஆப்பு அடித்த மாதிரி விரிசல் விடும். இங்கே விரிசல் விடவில்லை, தப்பித்தார்கள். நேர் மரை ஜி ஃபிட்டிங்கும் அடியில் ரப்பர் பிணைத்த வாஷரும் போட்டு முடித்தேன். அந்த வாஷர் உட்கார போர்ட்டின் முகம் தட்டையாக இருக்க வேண்டும், அதற்கு ஸ்பாட் ஃபேஸ் (போர்ட்டைச் சுற்றித் தட்டையாகச் சீவிய வட்டம்) உண்டா என்று முதலில் பார்த்துக்கொண்டேன்.

வெட்டு ரிங் ஃபிட்டிங்குகளும் (நட்டை இறுக்கினால் உள்ளே இருக்கும் ரிங் குழாயைக் கடித்துப் பிடிக்கும் வகை) மூன்று இடத்தில் கசிந்தன. காரணம் ஹாக்ஸா. குழாய் முனை சாய்வாக வெட்டப்பட்டு, பிசிறு எடுக்காமல், ரிங் ஒரு பக்கம் மட்டும் கடித்திருந்தது. கடித்ததா என்று தெரிந்துகொள்ள நட்டைக் கழற்றிப் பின்னால் தள்ளிப் பாருங்கள்: ரிங்கின் முன்னால் குழாயின் உலோகம் சின்ன வரப்பு மாதிரி முழு வட்டமாக எழும்பியிருக்க வேண்டும். ரிங் சுற்றலாம், முன்னும் பின்னும் நகரக் கூடாது. இதில் ஒன்றில் வரப்பு பாதி நிலா மாதிரி இருந்தது. கசிந்ததும் இறுக்கு, கசிந்ததும் இறுக்கு என்று நட்டின் மூலையெல்லாம் உருண்டுவிட்டது.

பம்பு கத்தியது சுலபமான விஷயம். உறிஞ்சு லைனில் சாதாரண 10 மி.மீ. ரப்பர் ஹோஸ், திருகு கிளிப். வேகம் நொடிக்கு 1.27 மீட்டர், ஒன்றுக்குக் கீழே இருந்தால் நல்லது. ஆனால் கத்தலுக்கு முக்கியக் காரணம் அதுவும் இல்லை என்று சந்தேகப்பட்டு, ஓடும்போதே ஆயில் கேனால் கிளிப் மேல் எண்ணெய் ஊற்றினேன். சத்தம் சட்டென்று அடங்கியது. மூன்று நொடி. ஊற்றுவதை நிறுத்தினால் மறுபடி கத்தல். உறிஞ்சு பக்கத்துக் கசிவு வெளியே சொட்டாது, காற்றை உள்ளே இழுக்கும், அதனால்தான் அது கண்ணில் படுவதில்லை. தொட்டிக்குள் பார்த்தால் நுரை. திரும்பும் குழாயும் எண்ணெய் மட்டத்துக்கு மேலேயே முடிந்து, அருவி மாதிரிக் கொட்டிக்கொண்டிருந்தது, நுரைக்கு அதுவும் கைகொடுத்திருக்கிறது.

காற்றுப் பக்கம்

இங்கேயும் அதே கால் இன்ச், ஆனால் தலைகீழாக. புஷ் ஃபிட்டிங் கால் இன்ச், 6.35 மி.மீ. டியூபுக்கானது. அதில் செருகியிருந்தது 6 மி.மீ. பி.யு. (பாலியூரித்தேன்) டியூப். 0.35 மி.மீ. வித்தியாசம். உள்ளே போகும், பல்லும் லேசாகப் பிடிக்கும், ஓரிங் மட்டும் சரியாகத் தொடாது. மெல்லிய சீறலோடு ஒரு வாரம் ஓடும், பிறகு ஒரு நாள் பிடுங்கிக்கொள்ளும். 4 மி.மீ.யும் 5/32 இன்ச்சும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும், 8 மி.மீ.யும் 5/16 இன்ச்சும் ஒத்துப்போகும். அதைப் பார்த்துப் பழகிய கை 6-ஐயும் கால் இன்ச்சையும் அப்படியே நினைத்துவிடுகிறது. போதாததற்கு டியூப் முனையை வயர் கட்டரில் நறுக்கியிருந்தார்கள், முனை முட்டை வடிவம், ஓரத்தில் கூர்மையான நாக்கு, அது ஓரிங்கில் கோடு கிழித்திருந்தது. பிளேடு வைத்த டியூப் கட்டர் சின்னச் சாமான்தான், அதைக் கூட வாங்கித் தராமல் ஃபிட்டிங்கைக் குறை சொல்கிறார்கள்.

ஹைட்ராலிக்கில் துளை குறைந்ததால் தொல்லை என்றால், இங்கே துளை கூடியதால். 16 போர், 25 ஸ்ட்ரோக் சிலிண்டருக்கு உள்ளே பிடிப்பது 5 கன செ.மீ. காற்று. வால்விலிருந்து 3 மீட்டர் தூரம், 6/4 டியூப் (வெளிவிட்டம் 6, துளை 4), அதன் உள்ளே 38 கன செ.மீ. சிலிண்டர் அசைவதற்கு முன் அதைப்போல் ஏழரை மடங்கு இடத்தை நிரப்ப வேண்டும், திரும்பும்போது அத்தனையையும் வெளியே கொட்ட வேண்டும். தள்ளி விடுவது எப்போதும் அரை மனதாகத் தாமதித்துப் போனதற்கு இதுதான் காரணம். சிலிண்டர் சின்னது, டியூப் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்பது தண்ணீர்க் குழாயிலிருந்து வந்த நினைப்பு.

என்ன மாற்றினோம்

மேல் பக்க லைன், திரும்பும்போது 11.8 லிட்டர் போக வேண்டிய லைன், 10×1.5 குழாய், துளை 7. ராடு பக்கம் 8×1.5, துளை 5. ராடு பக்கத்துக்கு 8×1 எடுத்திருந்தால் துளை 6 கிடைத்திருக்கும், இழப்பு இன்னும் பாதியாகியிருக்கும். ஆனால் நான்கு மடங்கு பாதுகாப்போடு அதன் கணக்கு 212 பார், அந்தப் பக்கம் 275 வரலாம் என்று தெரிந்த பிறகு அதை வைக்க மனம் வரவில்லை. 8×1.5-க்கு 319. மேல் பக்கம் 140-க்கு மேல் போகாது, 10×1.5-க்கு 255, போதும். இரண்டு லைனிலும் வேகம் 5 மீட்டர் சொச்சம். ஃபிட்டிங்கும் அதே மாதிரி, மேல் பக்கம் எல் தொடர் (லேசான வகை), ராடு பக்கம் எஸ் தொடர் (கனமான வகை). ஜி 1/4 போர்ட்டை மாற்றவே இல்லை. போர்ட்டின் துளை நெருக்கமாக இருந்தாலும் அது ஒன்றிரண்டு செ.மீ. நீளம்தான், 2.5 மீட்டர் குழாய் வேறு விஷயம். யாரோ செம்பு போடலாமே, வளைக்கச் சுலபம் என்றார்கள். செம்பு அதிர்வில் கெட்டிப்பட்டு விரிசல் விடும், ஆயில் சீக்கிரம் கெடவும் துணைபோகும். துத்தநாகம் பூசிய பைப்பும் வேண்டாம், பூச்சு உதிர்ந்து வால்வுக்குப் போகும்.

இதில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இரண்டு லைனுக்கும் வெவ்வேறு குழாய், இனிமேல் யாராலும் மாற்றி மாட்ட முடியாது என்று பெருமையாக இருந்தது. மாட்டும்போது ராடு பக்கத்து 8 எஸ் நட்டு மேல் பக்கத்து 10 எல் ஃபிட்டிங்கில் வெண்ணெய் மாதிரி ஏறியது! இரண்டுக்கும் எம்16×1.5 மரை. பட்டியலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், சேர்த்துப் பார்த்ததில்லை. ஏறினாலும் 8 மி.மீ. குழாயும் ரிங்கும் 10-இன் கூம்பில் லொடலொடவென்று நிற்கும், சீல் ஆகாது. கடைசியில் குழாயை வளைக்கும்போதே ஒன்றை 15 செ.மீ. குறைத்து, அது அடுத்த போர்ட்டை எட்டாதபடி செய்தேன். பெயின்ட் அடித்து அடையாளம் வைப்பது ஒரு தடவை ஓவர்ஹால் வரைக்கும்தான் இருக்கும்.

ராடு பக்கம் ஹோஸ் 2எஸ்என், இரண்டு பின்னல், கால் இன்ச்சுக்கு 400 பார். கொஞ்சம் நீளம் கூட்டி, வளைவு 100 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் தொங்கவிட்டோம், எழுத்துக் கோடு நேராக இருக்கிறது. உறிஞ்சு பக்கம் உள்ளே கம்பிச் சுருள் வைத்த 16 மி.மீ. ஹோஸ், சாதாரண ஹோஸ் சூட்டில் இளகி உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பதால். வேகம் நொடிக்கு அரை மீட்டர். திரும்பும் குழாயை எண்ணெய்க்குள் இறக்கியாயிற்று. காற்று வால்வைச் சிலிண்டருக்கு அரை மீட்டர் பக்கத்தில் கொண்டுவந்து 4/2.5 டியூப், உள்ளளவு இரண்டரை கன செ.மீ.

குழாயை வளைத்து, பிசிறெடுத்து, மாட்டும் முன் உள்ளே துடைப்பதற்கு மட்டும் ஒரு நாள் போனது. அழுத்தக் காற்றில் ஸ்பாஞ்சு உருண்டையைச் செலுத்தினோம், முதல் நான்கு உருண்டை கறுப்பாக வந்தது, ஏழாவது வெள்ளையாக. புதுக் குழாய்தானே, எதற்கு என்று கேட்டவருக்கு முதல் உருண்டையைக் காட்டினேன், அதில் ஹாக்ஸாத் தூள் மின்னியது.

வெறும் ராடு மேலே ஏற இப்போது ஆயில் சூடான நிலையில் கேஜ் 22 காட்டுகிறது. குழாய் இழப்புக்கு என் கணக்கு 13, மீதி வால்வு. முன்பு சூடான நிலையில் அதே இடத்தில் 85 இருந்தது. காலையில் 45-ஐத் தாண்டவில்லை, ரிலீஃப் திறக்கவும் இல்லை, அரை மணிச் சுணக்கம் போய்விட்டது. தொட்டியின் சூடு ஷிப்ட் முடிவில் 64-லிருந்து 49-க்கு வந்தது. பம்பு அதே பழைய 6 லிட்டர் பம்பு.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஃப்ளோ கன்ட்ரோலை ராடு பக்கத்திலிருந்து எடுத்து உள்ளே போகும் பக்கம் வைத்தால் 275 பார் பிரச்சினையே இருக்காது என்று ஒருவர் சொன்னார், அதில் நியாயம் உண்டு. முயன்று பார்த்தோம், புஷ் ஒரு இடத்தில் சிக்கி விடும்போது ராடு முன்னால் குதித்தது, அதனால் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டேன். ராடு லைனில் போட்ட டெஸ்ட் பாயிண்டைக் கழற்றவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு 8 எஸ் நட்டு லேசாக ஈரமாக இருந்தது, கழற்றிப் பார்த்தால் வரப்பு முழு வட்டம், கூம்பில் ஒரு துணி நூல், துடைத்து மறுபடி மாட்டினோம். ஸ்டோரில் லிஸ்ட்டை மட்டும் திருத்தி எழுதச் சொன்னேன்: மரைக்கு ஜி 1/4, குழாய்க்கு வெளிவிட்டமும் சுவரும், ஹோஸுக்கு உள்விட்டமும் பார் அளவும். அந்த மிச்ச என்பிடி எல்போக்கள் பதினொன்று இன்னும் அதே டப்பாவில் இருக்கின்றன, வெளியே போட யாருக்கும் மனசில்லை, டப்பா மேல் சிவப்பு எழுத்தில் எழுதி மேல் ஷெல்ஃபில் ஏற்றிவிட்டு வந்தேன்.